ஓர்சுவின் இடம்

போன பனிக்காலத்தில் ஓர்சு இறந்த பிறகு, அவன் அண்ணன் லிசாந்த்ரு பாடுவதற்கு வாயைத் திறக்கவே இல்லை. எங்கள் கோர்சிகத் தீவுப் பாட்டுக்கு மூன்று குரல் வேண்டும். லிசாந்த்ரு எடுத்துக் கொடுப்பான், அடிக்குரல் நான், மேலே ஏறிப் பின்னுவது ஓர்சு. காதில் கை வைத்து, தோளோடு தோள் உரச வட்டமாக நிற்போம். நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விழுந்தாலும் லிசாந்த்ரு எங்களைத் திட்டித் தீர்ப்பான். இந்த ஆகஸ்ட் மாதா திருவிழாவிலும் அவன் பாடாவிட்டால் இனி எப்போதுமே பாட மாட்டான் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அவன் மகள் வன்னினா வயலின்காரி. கிட்டார், டிரம்ஸ் என்று ஒரு கூட்டத்தையே கட்டி மேய்ப்பவள். கோயில் முற்றத்தில் நடந்த ஒத்திகைக்கு எங்கள் இருவரையும் இழுத்து வந்துவிட்டாள்.

"அப்பா, பழைய ரெக்கார்டிங்ல இருந்து சித்தப்பா குரலைத் தனியா பிரிச்சு, கிட்டாருக்கு ஏத்த மாதிரி சுருதியை ஏறாம ஒரே அளவா நிறுத்திட்டேன். ஸ்பீக்கர்ல வரும். கூடப் பாடுங்க."

ஓர்சுவின் குரல் வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. லிசாந்த்ரு பாட்டை எடுத்தான். வழக்கம்போல அடிக்கு அடி சுருதி கொஞ்சம் மேலே ஏறியது. நானும் ஏறினேன். ஓர்சு மட்டும் கீழேயே நின்றான். மூன்றாவது அடியில் சந்தைக்கடை தோற்றது.

"நிறுத்து!" என்று கத்தினான் லிசாந்த்ரு. "என் தம்பி என்னை ஒருநாளும் தனியா ஏற விட்டதில்ல. இது அவன் இல்ல."

கிட்டார்காரன் மெல்லக் கேட்டான்: "அண்ணே, சுருதியை ஏத்தாமப் பாடினா என்ன?"

"நீ மலை ஏறாம ஆடு மேய்ப்பியாடா?" என்றேன்.

வன்னினா ஸ்பீக்கரை அணைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வயலினைத் தாடையில் இடுக்கிக்கொண்டு வந்து ஓர்சுவின் இடத்தில் நின்றாள்.

"இது ரெக்கார்டிங் இல்லப்பா. நீங்க எங்க ஏறினாலும் கூடவே வரும். பாடுங்க."

லிசாந்த்ரு அவளையே பார்த்தான். பிறகு எடுத்தான். அவன் ஏற ஏற வயலினும் ஏறியது. வில்லை இழுக்கும்போதெல்லாம் அவள் முழங்கை என் விலாவில் இடித்தது. வலித்தாலும் நான் நகரவில்லை. வட்டத்தில் இடைவெளி விழுந்தால் லிசாந்த்ருவிடம் யார் திட்டு வாங்குவது?

அடி முடிந்து மூச்சு வாங்கிய இடத்தில், லிசாந்த்ரு காதிலிருந்து கையை எடுத்து என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான்.

"தள்ளி நில்லுடா மத்தேயு. புள்ளைக்கு வில்லு வீச இடம் வேணும்."