பின்னால், வலப்பக்கம், ஒரு மணி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு காபி இயந்திரத்தின் முன்னால். அமெரிக்காவில், கலமாசூ நகரத்தில், எழுதக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பு ஒன்றுக்குப் போகிறேன். பக்கத்து நாற்காலியில் கொரீன் என்றொரு பெண்மணி உட்காருவார். இடைவேளையில் குவளையை நீட்டியபடி அவர் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் ஒரு படத்தோட சத்தம் மோசமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்." குவளை நிரம்பியது. அவர் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் விழித்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். கேட்கக் கூச்சப்பட்டதை நானே நிரப்பிக்கொண்டேன். எது அவர் சொன்னது, எது நான் நிரப்பியது என்பது இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

(வகுப்பில் அவர் எனக்கு 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். அவருடைய கணவர் வெண்டலும் 'அவன்'தான். ஐம்பதைத் தாண்டியவர்கள், மன்னிக்க வேண்டும். 'அவர்' என்று எழுதினால் ஒரு மேசைக்கு அப்பால் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கிறது. நான் அவர்கள் படம் பார்க்கும் சோபாவுக்குப் பக்கத்தில் போக வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளிப் பேருந்து ஓட்டுநரான வெண்டல் ஹூக்ஸ்ட்ரா..."

(விட்டுவிட்டேன். எங்கள் வகுப்பில் எல்லாக் கதையிலும் பனி கொட்டுகிறது.)

இரண்டாவது தொடக்கம்: "ஒலி என்பது என்ன? அது காற்றின்..."

(இல்லை.)

மூன்றாவது தொடக்கம்: வெண்டல் தன் சாவிக்கொத்தை ஃபிரிட்ஜுக்குள், பாலுக்கும் முட்டைக்கும் நடுவில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜை அணைத்தான்.

இது இருக்கட்டும். இது நிஜம் என்பதால் மட்டுமல்ல. இந்த வீட்டில் படம் பார்ப்பது இப்படித்தான் தொடங்குகிறது. கீழே நிலவறையில் திரையும் ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. மேலே சமையலறை. ஃபிரிட்ஜின் முனகல் தரை வழியாகக் கீழே இறங்கும் என்பது வெண்டலின் கட்சி. அதனால் அதை அணைக்க வேண்டும். பிறகு மறக்காமல் போட வேண்டும். சாவி உள்ளே இருந்தால், மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புகிறவன் ஃபிரிட்ஜைத் திறந்தே ஆக வேண்டும். உள்ளே விளக்கு எரியாததைப் பார்த்தே ஆக வேண்டும். வீட்டைச் சூடாக்கும் உலையையும் நிறுத்திவிடுவான். எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டுதான் படம் பார்ப்பார்கள்.

"பால் கெட்டுப்போச்சுன்னா நீதான் குடிக்கணும்," என்றாள் கொரீன்.

"ரெண்டரை மணி நேரப் படம்தானே!"

"போன தடவையும் அப்படித்தான் சொன்னே. அப்புறம் நீயும் டட்லியும் அந்த வெடிக்கிற சீனையே போட்டுப் போட்டுப் பார்த்தீங்க. ஐஸ்கிரீம் சூப்பாயிடுச்சு."

"அது ஆராய்ச்சி."

"ஆமா, ரெண்டு விஞ்ஞானி. கையெல்லாம் பாப்கார்ன் வெண்ணெய்."

3

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் வெண்டல் உங்களுக்குப் பைத்தியக்காரனாகத் தெரிவான்.

பெரிய படங்களுக்கு இரண்டு சத்தம் உண்டு. கொட்டகைக்கு ஒன்று. அதே படம் டிஸ்காக வரும்போது, பெரும்பாலும், வீட்டுக்கென்று தனியாகக் கலந்த இன்னொன்று. வீட்டில் சின்னப் பெட்டியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள், குழந்தை தூங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். அதனால் பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்தரைபோல ஆக்கிவிடுகிறார்கள். சுவரெல்லாம் தரைவிரிப்பு ஒட்டி, சோபாவுக்கு அடியில் அதிர்வு இயந்திரம் பொருத்தி, ஊர் பூராவும் தூங்கினாலும் விழித்திருக்கிற வெண்டல் போன்றவர்களுக்கும் அதே புல்தரைதான். புது டிஸ்க் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் ஆவலோடு கூடுகிறார்கள். ஏமாறுகிறார்கள். இணையத்தில் போய்த் திட்டி எழுதுகிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூடுகிறார்கள்.

இந்தத் தடவை வந்தது அணை உடைகிற படம். கோடையில் வெண்டலும் கொரீனும் அதைக் கொட்டகையில் பார்த்திருந்தார்கள். அணை உடைந்து, நகரம் மூழ்கி, கூரையெல்லாம் அதிரும் அந்தப் பேரிரைச்சல் சட்டென்று அறுந்துபோகும். பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கடியில் ஒரு வீட்டின் பால்கனி. நாற்காலி ஒன்று தூக்கத்தில் நடப்பதுபோல மிதந்து போகும். அப்போது பின்னால், வலப்பக்கத்தில், ஒரு காற்றுமணி ஒரே ஒரு தடவை ஒலிக்கும். காற்றே இல்லாத இடத்தில். தண்ணீர் அதை ஆட்டியிருக்க வேண்டும்.

கொட்டகையில் இருவருமே திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ காசைக் கீழே போட்டுவிட்டதாக கொரீன் நினைத்தாள். திரும்பிய இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, இருட்டில் சிரித்தன.

4

நான் இதுவரை தள்ளிப்போட்டதை இப்போது எழுத வேண்டும்.

(தள்ளிப்போட்டதற்குக் காரணம்: வெண்டலை வேடிக்கையான ஆளாகவே வைத்திருக்க எனக்கு ஆசை.)

ஜனவரியில் ஒரு நாள், பேருந்தின் கதவை மூடி வண்டியை நகர்த்தினான் வெண்டல். இறங்கிய சிறுமி ஒருத்தியின் கழுத்துத்துணி நுனி கதவில் மாட்டியிருந்தது. அவள் கத்தினாள். உள்ளே இருந்த குழந்தைகளும் கத்தினார்கள். அவனுக்குக் கேட்கவில்லை. குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து தரையை உதைத்தார்கள். அது காலடியில் அதிர்ந்தது. பிரேக்கை மிதித்தான். சிறுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியை உதறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். வெண்டல் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

அதிர்வு தெரிந்தது, கீச்சுக்குரல் தெரியவில்லை. சத்தத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்டே பழகியவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கொரீனிடம் மட்டும் சொன்னான். "ஹீட்டர் இரைச்சல்ல அமுங்கிப்போயிருக்கும்," என்றும் சேர்த்துச் சொன்னான்.

"இருக்கும்," என்றாள் அவள்.

டிஸ்க் வந்த வாரத்தின் வியாழக்கிழமை அவனுக்கு உடற்பரிசோதனை. ஓட்டுநர்களுக்கு அதில் ஒரு கட்டம் உண்டு: டாக்டர் ஐந்தடி தள்ளி நின்று சில வார்த்தைகளைக் கிசுகிசுப்பார், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பேருந்து ஓட்ட விடமாட்டார்கள்.

டிஸ்கை அவன் தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டான். மணி வரவில்லை.

இப்போது புரிகிறதா, அவன் எதை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று? டிஸ்கில் மணி இல்லாமல் இருக்க வேண்டும். யாரோ ஒரு முட்டாள், வீட்டுக்கு எதற்கு இது என்று அதைத் துடைத்திருக்க வேண்டும்.

வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார்: இணையத்தில் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். அங்கே இந்த டிஸ்கைப் பற்றி ஒரே வசவு; அடியொலி எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்று வரைபடம் வேறு. மணிக்கு யாரும் வரைபடம் போடவில்லை. 'கடைசியில் அந்த மணி உங்களுக்கு...' என்று வெண்டல் தட்டச்சு செய்தான். அழித்தான். கேட்டால் பதில் வந்துவிடும்.

5

டட்லி வெண்டலின் நண்பன், கூரை ஓடு பதிக்கும் ஆள். உள்ளே வந்ததும் பூட்ஸைக் கழற்றி, சோபாவின் நடுவில் விழுந்தான்.

"இந்தக் குளிர்ல சாகடிக்கத்தான் கூப்பிட்டியாடா? உலையப் போடு."

"போட்டா ஃபேன் சத்தம் வரும்."

"என் பல்லு தந்தியடிக்கிற சத்தம் வருதே, அது பரவாயில்லையா?"

படம் ஓடியது. அணை உடைந்தது.

(இங்கே ஒரு பெரிய வர்ணனை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அணை அப்படி உடையவில்லை.)

"டேய் வெண்டல்," என்றான் டட்லி. "அணை உடைஞ்சுதா, இல்ல மேல யாராவது கக்கூஸ்ல தண்ணி விட்டாங்களா?"

"ஈர மெத்தைய மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு," என்றான் வெண்டல்.

"அதுக்கு ஏன்டா இளிக்கிறே? உன் சோபா ஒரு குலுங்கு குலுங்கலையே. ஏமாத்திட்டானுங்க!"

வெண்டல் உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தான். டிஸ்க் இவ்வளவு மோசமாக இருந்தது அவனுக்கு இனித்தது. பேரிரைச்சலையே விழுங்கியவர்கள் ஒரு சின்ன மணியையா விட்டுவைத்திருப்பார்கள்?

பிறகு இரைச்சல் அறுந்தது. பச்சை வெளிச்சம் நிலவறை முழுவதும் நிரம்பியது. மேலே, கூரையோரத்துச் சின்ன ஜன்னலை மூடியிருந்த பனியும் பச்சையானது. உலை இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. வீடு மூச்சை நிறுத்திவிட்டது. மூன்று பேருடைய மூச்சும் பச்சைப் புகையாக எழுந்து, தண்ணீருக்கடியில் இருப்பவர்களுடையதுபோல மெதுவாக மேலே போனது. டட்லிகூட மெல்லுவதை நிறுத்தியிருந்தான். நாற்காலி மிதந்து வந்தது. பால்கனியைக் கடந்தது. போனது.

"கேட்டுச்சா?" என்றான் வெண்டல்.

"என்னது?" என்றான் டட்லி.

"மணி. பின்னால."

"எந்த மணி? ஆணியடிக்கிற துப்பாக்கி என் காதுக்குள்ள குடும்பமே நடத்துது. என்னைப் போய்க் கேக்கறே பாரு!"

வெண்டல் கொரீன் பக்கம் திரும்பினான்.

அவள் தலை பாதி திரும்பியிருந்தது.

அவள் தலை அசையவே இல்லை.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது உண்மை என்று நினைக்கிறேன். அவன் திரும்புவானா என்று பார்ப்பதிலேயே அவள் உயிர் முழுவதும் இருந்தது. மணி அடித்ததா என்று கவனிக்க மறந்துவிட்டாள்.)

"உனக்குக் கேட்டுச்சா, கொரீன்?"

"திரும்பப் போடு," என்றாள் அவள். "இந்தத் தடவை ஒழுங்கா கேக்கறேன்."

வெண்டல் ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

6

இங்கேதான் நான் நிற்கிறேன். அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்த விடாமல் நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

அ. போடுகிறான். மணி இல்லை. "இல்லப்பா, எடுத்துட்டாங்க," என்கிறாள் கொரீன். வெண்டல் இணையத்துக்குப் போய்ச் சந்தோஷமாகத் திட்டி எழுதுகிறான். (ஆனால் மோசமான டிஸ்க் நல்ல காதுக்கு அத்தாட்சி ஆகிவிடாது. வியாழக்கிழமை அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சிறுமியின் கழுத்துத்துணியும்.)

ஆ. போடுகிறான். மணி ஒலிக்கிறது. கொரீன் "இல்லை" என்கிறாள். (இதை எழுதி முடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் அப்படிச் சொல்லக்கூடியவளா? வகுப்பில் என் கட்டுரையைப் படித்துவிட்டு "இது நல்லா இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். ஆனால் நான் அவருடைய கணவன் இல்லையே.)

இ. போடுகிறான். மணி ஒலிக்கிறது. கொரீன் "இருக்கு" என்கிறாள். அவன் எழுந்து மேலே போய், விளக்கெரியாத ஃபிரிட்ஜைத் திறந்து, சாவியை எடுத்துவந்து, அவள் உள்ளங்கையில்

ஈ. டட்லி பாப்கார்ன் சட்டியைத் தட்டிவிடுகிறான். (கோழைத்தனம். அடித்துவிட்டேன்.)

இத்தனையையும் கொரீனிடம் படிக்கக் கொடுத்தேன். காபி ஆறும்வரை படித்தார்.

"டட்லி இதைவிட அசிங்கமா பேசுவான்," என்றார். "மத்தபடி சரி."

"எந்த முடிவு நடந்துச்சு?"

அவர் தாள்களை அடுக்கினார். "அன்னிக்கு அந்த ஃபிரிட்ஜை யாரும் திரும்பப் போடவே இல்ல. பால் கெட்டுப்போச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"அப்ப காலையில சாவியை எடுக்க அவர் ஃபிரிட்ஜைத் திறக்கவே..."

"அதை நீ எழுது. நீதானே எழுத்தாளர்."

என்னால் முடியவில்லை. அந்தச் சமையலறை வரைக்கும் பலமுறை போய்த் திரும்பிவிட்டேன். அதனால் உங்களை அனுப்புகிறேன். விடிந்துவிட்டது, ஜன்னலில் பனி வெளுத்திருக்கிறது. தெருமுனையில் குழந்தைகள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் ஃபிரிட்ஜின் முன்னால் நிற்கிறீர்கள். கதவைத் திறக்கிறீர்கள். விளக்கு எரியவில்லை. பாலுக்கும் முட்டைக்கும் நடுவில் கைவிட்டுத் துழாவுகிறீர்கள்; விரலில் சாவி தட்டுகிறது.

உங்களுக்குப் பின்னால், வலப்பக்கம், ஐந்தடி தள்ளி, கொரீன் வந்து நிற்கிறாள். ஏதோ கிசுகிசுக்கிறாள்.

கேட்டால், திரும்புங்கள்.