நாற்பதாம் நேர்காணல்: ஒலிநாடா பழுது

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. போனில் வந்தது. ஐரின் கூப்பிட்டாள். மதுரையில் ஒரு மிஷன் நூலகத்தில் பழைய கடிதங்களையும் நேர்காணல்களையும் பாதுகாக்கிற பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது.

“யேசுதாஸ் சார், நாப்பதாம் நம்பர் நேர்காணல் நீங்க எடுத்ததுதானே?”

‘எடுத்தது’ என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ஆமாம் என்றேன்.

2

முதல் தொடக்கம்: “கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ்கள் முட்டி மோதிக்கொண்டு” (வேண்டாம். அவை எப்போதும் அப்படித்தான்.)

இரண்டாம் தொடக்கம்: “அந்த வருஷம் வைகையில் தண்ணீர் இருகரையும் தொட்டு” (அடித்துவிட்டேன். புளுகுக்கும் ஓர் அளவு உண்டு.)

மூன்றாவது, நடந்தது. 1998-இல் நூலகம் கேட்டது, ஊர்த் தொழிலாளர்கள் நாற்பது பேருடைய பேச்சு. முப்பத்தொன்பதை எடுத்து முடித்திருந்தேன். நாற்பதாவது ஆளான அவனியாபுரம் அழகுபாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மூன்று வாரமாகத் திரும்பவில்லை. அது அப்படிப்பட்ட கல்யாணம். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். கோரிப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டு டீ முடிவதற்குள் என் நோட்டில் பீர் முகமது என்றொரு குடை ரிப்பேர்க்காரர் பேசி முடித்திருந்தார். மதுரையில் பெய்கிற மழைக்குக் குடை ரிப்பேரை நம்பி ஒருவர் பிழைத்தார் என்றால் யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரும் படவில்லை. ஒலிநாடா எங்கே என்ற கட்டத்தில் ‘பழுது’ என்று எழுதினேன். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர்கள் நாடாவைத் தின்று வளர்ந்தவை, அதையும் நம்பினார்கள்.

[பக்கத்தின் அடியில் போட வேண்டியது: மற்ற முப்பத்தொன்பதும் நிஜம். அவற்றைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.]

3

இனி ஐரின் பக்கம் போகிறேன். அங்கே நான் இல்லை. அதனால் கதை கொஞ்சம் யோக்கியமாக இருக்கும்.

வந்த பெண்மணி வாசலில் செருப்பைக் கழற்றியபோதே ஐரினுக்கு ஏதோ போல இருந்தது. நூலகத்தில் யாரும் கழற்றுவதில்லை. வாடிப்பட்டி சபுரா என்று அவர் சொன்னார். ஐம்பது தாண்டியிருக்கும். நூலகம் நேர்காணல்களை இணையத்தில் ஏற்றிய பிறகு, மகள் போனில் படித்துக் காட்டினாளாம். நாற்பதாம் ஆள் தன்னைப் பெற்ற அத்தா என்றார்.

ஆவணக்காரர்கள் நோகாமல் கேட்கிற விதத்தில் ஐரின் கேட்டாள். பீர் முகமது என்று கூப்பிட்டால் கோரிப்பாளையத்தில் நாலு பேர் திரும்புவார்களே? சபுராவின் அத்தாவோ லாரி ஓட்டியவர்.

“லாரி ஓட்டுனவரு குடை தைக்கக் கூடாதாம்மா?” என்று சபுரா திருப்பிக் கேட்டார்.

பிறகு பிளாஸ்டிக் கவரிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்தார். 1986-இல், அவருக்குப் பதின்மூன்று வயதில், வீட்டைவிட்டுப் போன அத்தா எழுதியது அது ஒன்றுதான். கோரிப்பாளையம் முத்திரை. ‘அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் அனுப்பவும். மழையில் நனைய விட வேண்டாம்.’

எந்த அம்மா பள்ளிக்கூடம் போகிறார் என்று ஐரினுக்கு விளங்கவில்லை.

“அது நான்தான். அவரைப் பெத்தவங்க பேரத்தான் எனக்கு வச்சாக. பெத்தவ பேரச் சொல்லி வாடி போடின்னு எப்படிக் கூப்பிடுறது? ஒரு நா சொன்னதில்ல. அம்மான்னுதான் கூப்பிடுவாரு.”

அச்செடுத்த நேர்காணலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். ‘எனக்கு ஒரே மக. அவ பேரை என் வாயால சொல்ல மாட்டேன்.’

“இத வேற யாரு சொல்லியிருப்பா?”

[நான். பொருத்தமாக ஒரு பெண் பெயர் யோசிக்கச் சோம்பலாக இருந்தது. டீயும் ஆறிக்கொண்டிருந்தது.]

அஞ்சலட்டையை நூலகமே வைத்துக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில், ஒரே பெட்டியில். சபுரா கேட்டது அவ்வளவுதான். “எங்க அடக்கம் பண்ணாங்கன்னே தெரியாதும்மா. வந்து பாக்குறதுக்கு இதாவது ஒரு இடமா இருக்கட்டும்.”

சேர்த்து வைக்க விதி ஒன்று உண்டு. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பேட்டி எடுத்தவர் கையெழுத்திட வேண்டும்.

ஐரின் போன் செய்தது இதற்குத்தான். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள்: “உண்மையச் சொல்லுங்க சார். அப்படி ஒரு ஆளு இருந்தாரா?”

“எழுதும்போது இருந்தாரும்மா.”

போனில் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, “காலைல வாங்க. அவங்களும் வாராங்க. நான் எதுவும் சொல்லல. நீங்களே சொல்லுங்க” என்றாள்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கையெழுத்திடுகிறேன். நிஜக் கடிதமும் என் புளுகும் ஒரே பெட்டியில். நடை நன்றாக வந்தது. ஐரின் முகத்தை மட்டும் எழுத முடியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மின்விசிறியை வர்ணித்திருக்கிறேன்.

(ஆ) உண்மையைச் சொல்கிறேன். சபுரா அஞ்சலட்டையைக் கவரில் போட்டுக்கொண்டு வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம்

(இ) தொண்ணூறு வயதுப் பீர் முகமது உள்ளே வந்து, தான் ஒருநாளும் குடை தைத்ததில்லை என்று என்மேல் புகார் கொடுக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். போனில் சொன்னபோது, “விளையாடாதீங்க சார்” என்று ஐரின் வைத்துவிட்டாள்.

5

காலையில் போனேன். மேஜையில் படிவம், பேனா, அஞ்சலட்டை. எதிரே சபுரா. உண்மை, புளுகு இரண்டையும் தயாராக வைத்திருந்தேன். பேனாவைத் தொடுவதற்கு முன் அவர் கேட்டார்:

“நீங்க பாத்தப்ப எங்க அத்தா மெலிஞ்சிருந்தாரா சார்?”

அந்த ஆளுக்கு நான் உடம்பே எழுதவில்லை. குடை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

ஐரின் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். இதற்கு மேல் எழுதினால் நான் மறுபடியும் புளுகுவேன். கை அப்படிப் பழகிவிட்டது. அதனால் என் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

“..........................................”

எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். பேப்பரைப் பார்த்துக்கொண்டு மட்டும் சொல்லாதீர்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.