கூம்பின் சரிவு

தூள் சேமித்து வைக்கும் உயரமான தகட்டுக் கலனான பழைய சைலோ காலியாகக் கிடந்தது. அதற்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்கிறது என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். வெயில் ஏறினால் தகடு விரியும், சத்தம் போடும், இதற்குப் போய் பயப்படுவார்களா என்று நான் எல்லோர் வாயையும் அடைத்தேன். மத்தியானம் அதன் அடியில் தனியாக நின்று புது சைலோவுக்காக அளவெடுக்கும்போது எனக்கும் கேட்டது. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. என் அண்ணன் அப்படித்தான் அடிப்பான். அதன்பிறகு வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் திறக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணனுக்கு அந்தச் சைலோவிலிருந்து சுண்ணாம்புத் தூள் இறக்கும் வேலையாக இருந்தது. ஈரம் பட்ட தூள் சைலோவின் அடிவாய்க்கு மேலே பாலம்போல இறுகிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெளியிலிருந்து சைலோவின் அடிப்பக்கக் கூம்பைச் சுத்தியலால் அடிப்பார்கள். அடிபட்ட இடம் பள்ளமாகும், பள்ளத்தில் தூள் இன்னும் ஒட்டும். அடித்தும் அசையாத ஒரு நாள், கம்பியைக் கொடுத்து அவனை மேலிருந்து உள்ளே இறக்கிவிட்டார்கள். காலடியில் பாலம் உடைந்தது. தூள் அவனை இழுத்துக்கொண்டு போய் மூடிவிட்டது.

புது சைலோவை வடிவமைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். தூளைத் தகட்டின்மேல் அழுத்தி, இழுத்து, எந்தச் சரிவில் அது தானாக வழுக்கும் என்று சோதித்தேன். கூம்பு நன்றாகச் செங்குத்தாக வேண்டும். மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. கூரையை உயர்த்த முடியாது, கூம்பு நீண்டால் கொள்ளளவு குறையும் என்றார். பழைய சரிவே இருக்கட்டும், அடைத்தால் குத்திவிட ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஆள் யாருன்னு இப்பவே சொல்லுங்க சார். வரைபடத்துல அவர் பேரையும் எழுதிடறேன்."

அவர் வரைபடத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் சொன்ன சரிவிலேயே கூம்பு எழுந்தது.

முதல் தடவை தூள் இறக்கும்போது அண்ணியும் வந்திருந்தார். அண்ணன் போனபின் மூட்டை கட்டும் பிரிவில் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அடைப்பானைத் திறந்தோம். யாரும் தொடவில்லை, தட்டவில்லை. தூள் தன்பாட்டுக்கு இறங்கி, கடைசிவரை ஒட்டாமல் தீர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணி மட்டும் கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன பண்ணினே?"

"சரிவைக் கூட்டினேன் அண்ணி."

"வேற?"

"வாயைக் கொஞ்சம் அகலமாக்கினேன்."

"இவ்வளவுதானா?" என்றார் அண்ணி.

நான் திரும்பி, அடிபட்டுப் பள்ளம் விழுந்த பழைய கூம்பைப் பார்த்தேன்.