எங்கே போறீங்க, ஆயிஷா லாத்தா?

லப்பைக்குடிக்காட்டில் ஒருத்தி வாசலைத் தாண்டிக் காலை வைத்தால், எங்கே போகிறாள் என்று தெருவுக்குச் சொல்லியாக வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, பிரியம்தான். எதிர்வீட்டுக்காரி கேட்பாள், பால்காரர் கேட்பார், பள்ளிவாசலிலிருந்து திரும்பும் பெரியவர் கேட்பார். கடைக்கு, டவுனுக்கு, நாத்தனார் வூட்டுக்கு என்று ஏதாவது சொன்னால் விட்டுவிடுவார்கள். "சும்மா நடக்கிறேன்" என்று மட்டும் சொல்ல முடியாது. அப்படியொரு பதிலை அந்தத் தெரு கேட்டதே இல்லை.

தெருவுக்கெல்லாம் லாத்தா, அதாவது அக்காவான ஆயிஷா பீவிக்கோ நடக்க வேண்டியிருந்தது.

சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் மகன் ஆகிப், அம்மாவையும் அத்தாவையும் மக்காவுக்கு உம்ரா செய்யக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தான். பயணம் தை மாதத்தில். போனில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ரெண்டு வீல்சேருக்கும் சொல்லி வச்சிட்டேன்மா, நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம்" என்றான்.

"ரெண்டா? எனக்கு எதுக்குடா?"

"ஏம்மா, மொட்டை மாடி ஏறவே நடுவுல உக்காந்துக்குறே. சஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவுல ஏழு தடவை போகணும். மூணு கிலோமீட்டருக்கு மேல வரும். அதுக்கு முன்னாடி ஏழு சுத்து சுத்துற தவாஃப் வேற."

"பச்சப்புள்ள தண்ணிக்கு அழுவுதுன்னு ஹாஜரா அம்மா ஓடின எடம்டா அது. அங்க என் கால்ல நடக்கணும்னு எனக்கு ஆசை. முடியாதவங்க உக்காந்து போனா அல்லாஹ் ஏத்துக்குவான். நான் முடியாதவளான்னே இன்னும் தெரியலையே."

பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் கணவர் ஜபருல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துபாயில் ஒரு கடையில் காலமெல்லாம் நின்று முட்டி தேய்ந்தவர் அவர். "ஆயிஷா, நீ அடுப்படியிலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள டீ ஆறிப்போவுது. நீ மூணு கிலோமீட்டரா?"

ஆயிஷா மறுநாள் குன்னம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் போய், மூட்டுக்குப் பயிற்சி கொடுக்கும் மேகலாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மேகலா முட்டியை அமுக்கிப் பார்த்தாள், உட்கார்ந்து எழச் சொன்னாள். "எலும்புல பெரிய கோளாறு இல்லம்மா. தொடையிலதான் பலமே இல்ல. எடையும் கொஞ்சம் கொறையணும்" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, நிறுத்தி, மெல்ல இறக்கச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் கொஞ்சம் நடை, வாரம் போகப் போக இன்னும் கொஞ்சம். "ரொம்ப நாளைக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்காக உட்டுடாதீங்க, காலையும் திட்டாதீங்க."

கால் நீட்டுவது அறைக்குள் நடக்கும் காரியம், சுலபமாகப் போயிற்று. நடைதான் வம்பாயிற்று. உம்ராவுக்குப் பழகுகிறேன் என்று தெருவில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, கடைசியில் நாற்காலியிலேயே போய்வந்தால்? ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகாதா? முடிந்தால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுப் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போறீங்க, ஆயிஷா லாத்தா?"

"நாத்தனார் வூட்டுக்கு."

சொன்ன வாய்க்காக நாத்தனார் வீட்டுக்கே போக வேண்டியதாயிற்று. போனவளை நாத்தனார் சும்மா அனுப்புவாளா? ஏலக்காய் போட்ட டீ, அதில் மூன்று கரண்டி சீனி, பக்கத்தில் ஒரு தட்டு பிஸ்கட். மறுநாள் "சின்னம்மா வூட்டுக்கு". அங்கே பாலும் இடியாப்பமும். இன்னொரு நாள் பாதி வழியிலேயே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தெருப் பையன் வண்டியை நிறுத்தி, "காசு வேணாம் லாத்தா, ஏறுங்க" என்றான். முகத்தை முறிக்க முடியாமல் ஏறிக்கொண்டாள். நடக்கக் கிளம்பி ஆட்டோவில் திரும்பிய ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. மறுபடி பெரம்பலூர் போனபோது மேகலா எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தாள், ஆயிஷாவைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள்.

"கூடியிருக்கேம்மா! எங்கதான் நடக்குறீங்க?"

"வூடு வூடா."

விஷயம் முழுவதையும் கேட்டு மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒங்கள மருந்துக்கு நடக்கச் சொன்னா நீங்க விருந்துக்கு நடந்திருக்கீங்க!"

ஆயிஷாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. இறங்கும்போது கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார், அதில் மிச்சமிருந்த தெம்பும் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் புர்காவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஆகிப்புக்குப் போன் போடுங்க. வீல்சேரு ரெண்டாவே இருக்கட்டும்னு சொல்லிடுங்க."

"அப்பாடா!" என்றார் ஜபருல்லா. கெட்ட எண்ணமில்லை, பாவம். ஆசைப்பட்டு நடந்து இவள் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்த 'அப்பாடா' ஆயிஷாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. என்னால் முடியாது என்பதில் இந்த மனுஷனுக்கு இவ்வளவு நிம்மதியா? மணி அடித்துக்கொண்டிருந்த போனை அவர் கையிலிருந்து வாங்கி அணைத்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குப் பேசிக்கலாம்."

மறுநாள் அவள் மகனிடம் பேசவில்லை, தெருவிடம்தான் பேசினாள். விடிந்தும் விடியாத நேரம், களையெடுக்கப் போகிற பச்சையம்மாள் தூக்குவாளியோடு எதிரே வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, காற்று மாதிரி நடப்பவள், வாயும் அப்படித்தான்.

"எங்க இவ்ளோ வெள்ளன, ஆயிஷாம்மா?"

ஆயிஷா மூச்சை இழுத்துக்கொண்டாள். "மக்காவுக்கு."

பச்சையம்மாள் நின்றுவிட்டாள். "மக்காவுக்கா? யாரு கொல்லைக்கு? களைக்கு ஆளு கூப்புட்டாங்களா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

அந்தப் பக்கத்தில் கண்ணுக்கு எட்டின மட்டும் மக்காச்சோளம்தான், அதை மக்கா என்றுதான் வாயில் சொல்வார்கள். ஆயிஷாவுக்கு வந்த சிரிப்பில் கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அந்த மக்கா இல்ல பச்சையம்மா! அல்லாவோட மக்கா!"

"அதுக்கு இந்த ரோடு போவாதே!"

"அங்க நடக்கணும்னா இங்கேர்ந்தே நடந்து பழவணும். என் கால்லயே நடக்கணும்னு நெனச்சிருக்கேன்."

சொல்லிவிட்டாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவள் வீடு திரும்புவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. என்ன ஆச்சரியம் பாருங்கள், அவள் பயந்தபடி ஒன்றுமே நடக்கவில்லை. நாத்தனார் டீத் தம்ளரோடு வரவில்லை, வாசலில் நின்று, "எம் மவளுக்கு ஒரு துஆ கேளுங்க மச்சி" என்றாள். ஆட்டோக்காரப் பையன் நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்து, "லாத்தா, மக்கா இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கூவிவிட்டுப் போனான். கேலிதான். ஆனால் அந்தக் கேலி முதுகில் கை வைத்துத் தள்ளுகிற கேலி.

அதற்காக மறுநாளே கால் இறக்கை கட்டிப் பறந்தது என்று நினைத்துவிடாதீர்கள் கண்ணுகளா. பச்சையம்மாளோடு சேர்ந்து கிளம்பினால் பள்ளிக்கூடச் சுவர் வரைக்கும்தான் ஈடுகொடுக்க முடிந்தது. "நீங்க வந்து சேர்றதுக்குள்ள களை மறுபடி மொளைச்சிரும் ஆயிஷாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். ஐப்பசி மழையில் ரோடெல்லாம் சேறு, வீட்டுக் கூடத்திலேயே சுற்றி வந்தாள். ஒரு தடவை முட்டி வீங்கிக் கால் கீழே ஊன்ற முடியவில்லை. மேகலா போனிலேயே, "நிறுத்துங்க. வத்தினதும் பழைய எடத்துலேர்ந்து இல்ல, அதுக்கும் கீழேர்ந்து ஆரம்பிங்க" என்றாள். ஏறின மேட்டை மறுபடி ஏற வேண்டும். அன்றைக்கு ஆயிஷா அழுதாள். அழுது முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலை நீட்டி இறக்கினாள்.

கார்த்திகையில் ஒரு நாள், மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். மூட்டையாய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, கட்டிலில் போட்டுவிட்டு நிமிர்ந்தவளுக்குத் திடுக்கென்றது. எப்படி இறங்கினோம்? ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்து, பிஸ்மி சொல்லி இறங்குகிற படி அது. இப்போது கையில் துணியல்லவா இருந்தது! நம்பாமல் மறுபடி மேலே போனாள். மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்கி வந்தாள். கீழே ஜபருல்லா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தேடுறே, மேலயும் கீழயும்?"

"தேடினது கெடச்சிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறையும் ஏறினாள்.

தை பிறந்தது. மக்காவில் இறங்கினார்கள். தவாஃபைச் சுற்றி முடித்து, ஜம்ஜம் தண்ணீர் குடித்துவிட்டு, சஃபாவின் மேட்டில் நின்றார்கள். நடுவே சக்கர நாற்காலிகளுக்கென்று தனிப் பாதை. ஆகிப் அத்தாவைத் தள்ளினான். மருமகள் ஃபைஸா இன்னொரு நாற்காலியை வெறுமையாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மாமி எப்ப வேணும்னாலும் சொல்லுங்க." தடுப்புக்கு இந்தப் பக்கம், ஜனவெள்ளத்தில், ஆயிஷா தன் காலில் நடந்தாள்.

முதல் இரண்டு சுற்றுகள் தெரியவே இல்லை. பச்சை விளக்கு எரியும் இடத்தில் ஆண்கள் ஓடுவது வழக்கம், ஆகிப்பும் நாற்காலியோடு ஓடினான். ஜபருல்லா சின்னப் பையன் மாதிரி பிடியை இறுக்கிக்கொண்டார். ஐந்தாவது சுற்றில் வலது முட்டிக்குள் ஊசி குத்தியது. அவள் முகம் சுருங்கியதைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் பார்த்தவர் ஜபருல்லாதான்.

"ஆயிஷா, போதும். வா, உக்காரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

காலி நாற்காலி கையெட்டும் தூரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் சுகம். அவள் உட்காரவில்லை, நிற்கவும் இல்லை. நடையைக் குறைத்தாள். வீக்கம் வற்றின பிறகு கீழேயிருந்து ஆரம்பித்த அந்த மெதுநடைக்கு இறங்கினாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள், போகட்டும். ஊசி மெல்ல மெல்ல மழுங்கியது. ஆறாவது சுற்றின் பாதியில் கால் மறுபடி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஜபருல்லா அதற்கப்புறம் உட்காரச் சொல்லவே இல்லை. நாற்காலியில் முன்னால் குனிந்து, கண் எடுக்காமல் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏழாவது சுற்றில் மர்வா மேடு தெரிந்ததும், "அவ்ளோதான், அந்தா வந்திருச்சு, வந்திருச்சு!" என்று அந்தக் கூட்டத்துக்கும் மேலே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

ஆயிஷா மேட்டில் ஏறினாள். மேலே நின்று இரண்டு கையையும் ஏந்தினாள். நினைத்து வைத்திருந்த துஆ ஒன்றுகூட வாயில் வரவில்லை, "அல்ஹம்துலில்லாஹ்" மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஃபைஸா கத்தரியை எடுத்து மாமியின் கூந்தல் நுனியை விரல் நுனியளவு வெட்டினாள். உம்ரா நிறைவாயிற்று. ஆகிப் மூச்சு வாங்கியபடி தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டான்.

ஜபருல்லா அவள் கையைப் பிடித்தார். அவருடைய கண் நனைந்திருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க," என்றாள் ஆயிஷா, முகமெல்லாம் சிரிப்பாக. "நல்லா வலிக்குது."