விரல் நீளப் பொறி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கையில், செழியன் தன் மனைவி பொன்மணியைக் கூப்பிட்டான். "இங்கன வா. நீ இதுவரைக்கும் பாக்காத நெருப்பு காட்டுறேன்." பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவளிடம் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது அவனிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

மல்லாங்கிணற்றிலிருந்து தாயில்பட்டிக்கு வந்த மாப்பிள்ளை அவன். சிவகாசி அச்சகம் ஒன்றில் எலக்ட்ரீசியன். பழைய இன்வெர்ட்டரில் பிரித்த இரும்புத் தகடுகளை வைத்து, முடி போன்ற செம்புக் கம்பியை மாதக்கணக்காகச் சுற்றி, வீட்டு மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றும் டிரான்ஸ்பார்மர் செய்திருந்தான். எதற்கு? விரல் நீளத்துக்கு ஒரு பொறி பாயும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் மின்சாரம் தாவாமலிருக்கக் கம்பியின் அடுக்குகளுக்கு நடுவே வைக்கிற காகிதம் பாதியில் தீர்ந்துபோனது. மதுரைக்குப் போய் வாங்கிவரப் பொறுமை இல்லை. பழைய பேப்பர் எடைக்கடைக் குவியலில் மொடமொடவென்று கிடந்த தாள்களை உருவிவந்து வைத்துச் சுற்றிவிட்டான். வெடியுப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்த திரிக் காகிதம் அது. இந்தப் பக்கத்து எடைக்கடையில் என்னென்ன கலந்து கிடக்கும் என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டான். பொறி வெளியே பாயாமல் உள்ளேயே பாய்ந்தது. சீறிக்கொண்டு தீ கிளம்பியதும் செழியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொன்மணிதான் பிளக்கைப் பிடுங்கினாள். எரிகிறதை வெறுங்கையால் தூக்கி முற்றத்தில் வீசினாள்.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் ஓடிவந்தாள். தெரு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தவன், கருகிக் கிடந்ததன்மேல் அவசரமாகச் சாக்கை இழுத்துப் போட்டான். வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணுமில்ல மதினி. இவதான் அடுப்புல கைய சுட்டுக்கிட்டா."

பொன்மணி அவனை ஒருமுறை பார்த்தாள். வெந்த கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டாள்.

மறுநாள், தீபாவளி சீசனில் வீட்டில் எப்படி இருப்பது என்று கட்டுப்போட்ட கையோடு கிளம்பினாள். செழியன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். அதற்குள் சங்கதி கம்பெனி வாசலுக்குப் போய்விட்டிருந்தது. போர்மேன் வெள்ளைத்துரை அவளை நிறுத்தினார்.

"அடுப்படியிலேயே பதனமில்லாதவள மருந்து ரூமுக்குள்ள எப்படித்தா விடுறது? இனிமே காகிதக் குழாய் ஒட்டுற பக்கம் போ."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் மருந்து ரூமில் இருக்கிறாள். பொன்மணி கை பதனமான கை என்பது அங்கே அவள் எடுத்த பேர். அதை ஒரே வாக்கியத்தில் அழித்தவன் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றான். மெஷின் என்னுடையது, தீ என்னால் வந்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சரிண்ணே" என்றாள் பொன்மணி.

உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகவேண்டும். பழக்கத்தில் வலது கையை வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். பிறகு இடது கையை வைத்தாள்.

"அண்ணே" என்றான் செழியன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான்.

வெள்ளைத்துரை திரும்பினார். பொன்மணியும் திரும்பினாள். உள்ளங்கையைத் தகட்டிலிருந்து எடுக்காமல், அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.