தலையணைக்கு அடியில்

தாஜாவின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியோ கணவாய்க்கு அப்பால். ஸ்ரீநகர்ச் சாலை மூடிக் கிடந்தது, பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது, காற்று இன்னும் அடங்கவில்லை.

தெரு ஆண்கள் கயிற்றுக் கட்டிலில் கம்புகளைக் கட்டினார்கள். வழுக்காமலிருக்கக் காலில் வைக்கோல் கயிறு சுற்றிக்கொண்டார்கள். தாஜாவைப் படுக்கவைத்து, நெருப்புச் சட்டியைக் கால்மாட்டில் வைத்தான் கணவன் சுல்தான்.

"மதினி, நம்ம பசுவே தேவலாம் போல, இப்படிக் கனக்கிறியே!" என்றான் கொழுந்தன் ரம்ஜான், கம்பின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து.

"அதுக்குள்ள மூச்சு வாங்குதா? உன் பொண்டாட்டியைக் கூப்பிடு, அவ தூக்குவா," என்றாள் தாஜா.

தலையணைக்கு அடியில் ஏதோ உறுத்தியது. இழுத்தாள். கற்பூர வாசத்தோடு மடித்த புது வெள்ளைத் துணி. பனிக்காலத்தில் கணவாய்க்குப் போகிற நோயாளியோடு, இறந்தவர்களைச் சுற்றி அடக்கும் கஃபன் துணியும் போகும். வழியில் உயிர் பிரிந்தால் அங்கேயே அடக்கிவிட்டுத்தான் திரும்ப முடியும்.

"அது... குளிருக்கு," என்றான் சுல்தான்.

"புளுகாதீங்க. இவ்வளவு யோசிச்சீங்களே, இன்னொன்னு தோணலையா?"

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, துணியின் ஓரத்தில் ஒரு முழம் கிழித்து மார்புக்குள் செருகினாள்.

"இது பிள்ளைக்கு. உசுரோட வந்தாலும் சுத்தணும், இல்லாட்டியும் சுத்தணும். ம், தூக்குங்க."