வேடியப்பன் திட்டில் கப்பல் வந்த கதை

ஓசூர்ப் பக்கம் கடல் வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் அது வெறும் அணைத்தண்ணீர்தான். ரிசார்ட்டுக்காரர்கள் நடுத்திட்டில் எம்-சாண்ட் மணலைக் கொட்டி, தென்னைகளை வேரோடு கொண்டுவந்து நட்டு, ‘ஐலண்ட் பீச்’ என்று பலகை வைத்தார்கள். அலை ஒன்றுதான் குறை. அதற்குப் பதிலாக, ஆற்றில் மேலேயிருந்து வருகிற கழிவுத்தண்ணீர் நுரை கொடுத்தது. ஒரு ஐப்பசியில் நுரை எவ்வளவு கெட்டியென்றால், ஆஞ்சப்பனின் ஆடு அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போய் மேய்ந்துவிட்டுக் குளம்பு நனையாமல் திரும்பி வந்தது. சந்தேகம் உள்ளவர்கள் ஆட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆஞ்சப்பன் அங்கே படகில் வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறவர். அவர் பிறந்தபோது திட்டு ஒரு கரடு, சின்னக் குன்று. அதில் முதலில் குடியேறியவர் மாடு திருட வந்தவர்களோடு மல்லுக்கு நின்று செத்த ஒரு ஆள். அவரைக் கல்லில் வில்லோடு செதுக்கி, வேடியப்பன் என்று கும்பிட்டு, அவர் வம்சம், ஆஞ்சப்பனின் முன்னோர், கரட்டடியில் ராகி விதைத்தது. பிறகு அணை நிரம்பியது. ஊர் தண்ணீருக்குள் போக, கரட்டின் உச்சி மட்டும் மிஞ்சியது. சனம் மூக்கண்டப்பள்ளிக்குப் போய் ஷீட் வீடுகளில் இருந்துகொண்டு கம்பெனிகளில் ஷிப்டு பார்த்தது.

வேடியப்பன் என்பது ஊர் கூப்பிடுகிற பெயர். அந்த ஆளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அப்பன் சாகும்போது மகன் காதில் சொல்வது. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகையைக் கல்லடியில் வைத்து, கல்லின் காதோரம் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்காத கல்யாணத்துக்கு அவர் காவல் வரமாட்டார்.

ரிசார்ட் வந்த புதிதில் மேனேஜர் தமிழரசன் கல்லைப் பெயர்த்துத் தண்ணீரில் போடச் சொன்னான்.

“ஐயோ சார், அது கடல்கொள்ளைக்காரன் சமாதி” என்றார் ஆஞ்சப்பன், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

“இங்க ஏதுங்க கடல்?”

“அப்ப இருந்துச்சு சார். கப்பல் கிருஷ்ணகிரி வரைக்கும் போகும்.”

“பேரு என்ன?”

எதிரே ரகம் அச்சடித்த வேப்பனப்பள்ளி மாம்பழப் பெட்டி கிடந்தது. “கேப்டன் அல்போன்சா சார்.”

கல் தப்பித்தது. பொன் பெயிண்ட் அடித்து, ஒரு கண்ணுக்குக் கறுப்புப் பட்டை வரைந்தார்கள். ஆஞ்சப்பன் தினமும் படகுக்குப் படகு அல்போன்சாவைப் பற்றிச் சொன்னார். பெங்களூர் சனம் கல்லோடு நின்று போட்டோ எடுத்தது.

இந்தத் தையில் மகள் ஹரிணிக்குக் கல்யாணம். போச்சம்பள்ளிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண். பத்திரிகையும் பொங்கல் பானையுமாக மனைவி நாராயணம்மா, ரிசார்ட் வந்தபின் முதல் தடவையாக, திட்டுக்கு வந்தாள். கல்லைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்னய்யா இது? நம்ம சாமிக்குக் கண்ணு நோவா?”

“பெயிண்டும்மா. மழைக்குப் போயிடும்.”

“உன் புளுகை எங்கிட்ட அவுக்காத. போய்க் கூப்பிடு. நல்லாக் கூப்பிடு, நம்ம புள்ள தனியா வேற ஊருக்குப் போவுது.”

பெண்கள் அந்தப் பெயரைக் கேட்கக்கூடாது என்பதால் அவள் தள்ளிப்போய் நின்றாள். ஆஞ்சப்பன் பத்திரிகையைக் கல்லடியில் வைத்துக் குனிந்தார். வாயைத் திறந்தார்.

அல்போன்சா என்று வந்தது.

வாயை மூடினார். அப்பன் செத்த கட்டில், அவர் மூச்சில் அடித்த பீடி வாசம், காதில் பட்ட மீசை, எல்லாம் நினைவுக்கு வந்தன. பெயர் வரவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும் கேப்டன்தான் வந்தான், கப்பலோடு. அவரை விட்டால் அந்தப் பெயர் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

பொன்பூசிய காது வெயிலில் சுட்டது. கொஞ்ச நேரம் சும்மா உதட்டை அசைத்துவிட்டுத் திரும்பினார்.

“கூப்பிட்டியா?”

“கூப்ட்டேன்.”

“கேட்டுக்கினாரா?”

கப்பல் கிருஷ்ணகிரி போனதைச் சொன்னபோதும், ஆடு நுரைமேல் நடந்ததைச் சொன்னபோதும் இமைக்காத கண் இப்போது இமைத்தது. அவரோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தவளுக்கு அது போதும்.

நாராயணம்மா கல்லடியில் இருந்த பத்திரிகையை எடுத்தாள். முந்தானையால் மஞ்சள் பொடியைத் துடைத்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நுரையை விலக்கிப் படகில் ஏறினாள். பொங்கல் பானை அங்கேயே இருந்தது.

அடுத்த படகில் இறங்கியவர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். “அண்ணா, இது கேப்டனுக்கா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஆமாம்மா” என்றார் ஆஞ்சப்பன்.